மின்பேருந்தில் ஏர் பெல்லோ மாற்றுதல்

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் நின்றதும் இத்தகைய பேருந்து வாசல் பக்கமாகச் சற்றே தாழ்கிறது. சக்கர நாற்காலியில் வருபவரும், முழங்கால் வலியோடு வரும் பாட்டியும், கைக்குழந்தையைத் தூக்கி வரும் தாயும் சிரமமில்லாமல் ஏறலாம். கதவு மூடியதும் வண்டி பழைய உயரத்துக்கு எழுகிறது. தாழ்வதும் எழுவதும் அச்சுக்கும் சட்டகத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறைகளால் நடக்கின்றன. பட்டறையில் இதற்கு ஏர் பெல்லோ என்று பெயர். ஒரு பெல்லோ ஓட்டையானால் வண்டி தாழும், எழாது. அந்த நாள் அந்தத் தடத்தில் பலருக்குப் பேருந்தே இல்லாமல் போகும்.

பெல்லோவை மாற்றுவது கடினமான வேலை இல்லை. நாலு நட்டு, ஒன்றிரண்டு போல்ட், ஒரு காற்றுக் குழாய், அவ்வளவுதான். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் பிசகக் கூடாது. முதலாவது, பல டன் எடையுள்ள உடல் காற்றின் மேல் நிற்கிறது. அந்தக் காற்றை நாம் திறந்துவிடப் போகிறோம். இரண்டாவது, பெல்லோ தானாகச் சாவது குறைவு. அதைக் கெடுத்த காரணம் வண்டியிலேயே இருக்கும். அதைத் தேடாமல் புதியதை மாட்டினால் அதுவும் சீக்கிரம் கிழியும். இந்த அத்தியாயம் இவ்விரண்டையும் மையமாக வைத்து எழுதப்பட்டது.

12 மீட்டர் மின்பேருந்தை மனதில் வைத்து வேலையின் வரிசையையும் அதற்கான காரணங்களையும் இங்கே தருகிறேன். போல்ட் முறுக்கு அளவு, வண்டியின் நிற்கும் உயரம், ஜாக் வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் உங்கள் வண்டியைத் தயாரித்தவர் தரும் பணிமனைக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். மாடலுக்கு மாடல் அவை மாறும்.

1. பெல்லோ எப்படி எடை தாங்குகிறது

பெல்லோவுக்கு மூன்று முக்கிய பாகங்கள். மேலே இரும்புத் தட்டு. அதிலிருந்து ஸ்டட்டுகளும் காற்று நுழையும் வாயும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில், உள்ளே நூல் அடுக்குகள் பதித்த ரப்பர் உறை. கீழே பிஸ்டன், இரும்பிலோ கனமான பிளாஸ்டிக்கிலோ இருக்கும். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ரப்பர் உறை பிஸ்டனின் பக்கச் சுவர்மேல் மடிந்து உருளும். பெரும்பாலான பெல்லோக்களுக்குள் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையும் உண்டு. காற்று இல்லாதபோது வண்டியின் எடை அதன்மேல்தான் உட்காரும்.

கணக்கு எளிது. 1 பார் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 1 கிலோ எடையைத் தாங்கும். எடை தாங்கும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் உள்ள பெல்லோவில் 4 பார் காற்று இருந்தால் அது சுமார் 1,600 கிலோவைத் தாங்குகிறது. பேருந்தில் கூட்டம் ஏறி அழுத்தம் 6 பாராக உயர்ந்தால் அதே பெல்லோ 2,400 கிலோவைத் தாங்கும். எடை கூடினாலும் உயரம் மாறாது. காலிப் பேருந்திலும் நிரம்பி வழியும் பேருந்திலும் படியின் உயரம் ஒன்றாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது லெவலிங் வால்வ். சட்டகத்தில் பொருத்திய வால்விலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு இறங்கும். உடல் தாழ்ந்தால் கம்பி வால்வைத் திருப்பிக் காற்றை உள்ளே விடும். உயர்ந்தால் வெளியே விடும். மின்னணு முறை உள்ள வண்டிகளில் இந்த வேலையை உயர உணரியும் மின்காந்த வால்வும் செய்யும். நிறுத்தத்தில் தாழ்ந்து எழும் பேருந்துகளில் பொதுவாக மின்னணு முறைதான் இருக்கும்.

பரவலான அமைப்பில் முன் அச்சில் 2 பெல்லோ, பின் அச்சில் 4 பெல்லோ. முன்னால் உள்ள இரண்டுக்கும் பொதுவாக ஒரே உயரக் கட்டுப்பாடு. பின்னால் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. கசிவைத் தேடும்போது இந்த அமைப்பைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2. கசிவை உறுதி செய்தல்

இரவு நேராக நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நிறுத்தத்தில் தாழ்ந்தபின் எழத் தாமதிக்கும். மேட்டில் ஏறினால் இரும்பில் இரும்பு மோதியது போல அதிரும். டயர் உள்விளிம்பு சக்கர வளைவில் உரசியிருக்கும். இவற்றில் எது இருந்தாலும் காற்று எங்கோ போகிறது என்று பொருள்.

மின்பேருந்தில் இன்னொரு தடயமும் உண்டு. டீசல் வண்டியில் கம்ப்ரஸரை இன்ஜின் சுழற்றும். மின்பேருந்தில் அதற்குத் தனி மோட்டார்; மின்சாரம் வண்டியின் பேட்டரியிலிருந்து வருகிறது. கசிவு இருந்தால் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். ஒரே தடத்தில், ஒரே மாதிரிக் கூட்டத்தில் ஓடும் மற்ற வண்டிகளைவிட ஒரு வண்டியில் மட்டும் கம்ப்ரஸர் ஓடும் நேரம் கூடியிருந்தால், பேட்டரியைச் சந்தேகிப்பதற்கு முன் காற்றுச் சுற்றைச் சோதியுங்கள். ஓய்வின்றி ஓடும் கம்ப்ரஸர் சூடாகும். காற்று உலர்த்தியால் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாது. தண்ணீர் வால்வுகளுக்குள் போகும். ஒரு பெல்லோவின் சிறு ஓட்டை கடைசியில் கம்ப்ரஸரையே மாற்ற வைக்கும்.

மின்பேருந்து நமக்குச் செய்யும் உதவி அதன் அமைதி. கடைசி வண்டியும் உள்ளே வந்து பணிமனை அடங்கிய பிறகு, வண்டியைச் சுற்றி ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். டீசல் இன்ஜின் இரைச்சலில் ஒருபோதும் கேட்காத மெல்லிய சீறல் சக்கர வளைவுக்குள்ளிருந்து கேட்கும்.

அடுத்தது அளவு. இரவு வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கர வளைவுகளின் உச்சிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள். காலையில் வண்டியை உயிர்ப்பிக்கும் முன் மறுபடி அளங்கள். இரவுக் குளிரில் காற்று சுருங்குவதால் நான்கு மூலையும் ஒரே அளவில் சிறிது இறங்கினால் பயமில்லை. பின் இடப்பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து இரண்டு பெல்லோ, அவற்றின் குழாய், அவற்றின் வால்வ் ஆகியவற்றுக்குள் தேடினால் போதும். முன்பக்கம் முழுவதும் இறங்கியிருந்தால் இரண்டு பெல்லோவும் கெட்டுவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். இரண்டும் ஒரே சுற்றில் இணைந்திருப்பதால் ஒன்றின் கசிவு இரண்டையும் இறக்கும்.

பிறகு சோப்பு நீர். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்ப்பது போலத்தான் இதுவும். இங்கே தண்ணீர் டியூபைத் தேடி வருகிறது. முதலில் குழாய் இணைப்புகளில் தெளியுங்கள், பிறகு வால்வில், கடைசியாகப் பெல்லோவில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இணைப்பில் உள்ள கசிவைச் சில நிமிடங்களில் சரிசெய்யலாம். அதைப் பார்க்காமல் பெல்லோவைக் கழற்றினால் பணமும் நேரமும் வீண். பெல்லோவில் தெளிக்கும்போது வண்டியை அதன் மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றி வையுங்கள். ரப்பர் உறை பிஸ்டனோடு மடியும் இடத்தில்தான் வெடிப்பு அதிகம். சாதாரண உயரத்தில் அந்தப் பகுதி மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். எந்த நிலையிலும் கையை வண்டிக்குக் கீழே விடாதீர்கள். நீண்ட மூக்குள்ள தெளிப்பானையும் டார்ச்சையும் வெளியிலிருந்தே பயன்படுத்துங்கள்.

ரப்பரின் மேற்பரப்பில் மயிரிழை போன்ற கீறல்கள் மட்டும் இருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. குறித்து வைத்து அடுத்த பராமரிப்பில் பாருங்கள். கீறலுக்குள் நூல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். நூல் தெரியும் பெல்லோ சாலையில் எந்த நேரமும் வெடிக்கலாம்.

ஓட்டத்தின் நடுவே பெல்லோ வெடித்தாலும் பிரேக் போய்விடாது. பிரேக் சுற்றுகளுக்கான காற்றைத் தனியே காக்கும் பாதுகாப்பு வால்வ் வண்டியில் இருக்கிறது. ஆனாலும் பயணிகளை இறக்கிவிட்டு, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்து, தயாரிப்பாளர் அனுமதித்த மெதுவான வேகத்தில்தான் பணிமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

3. தேவையானவை

சரியான பாக எண் உள்ள புதிய பெல்லோ. கையேடு சொன்னால் புதிய நட்டும் போல்ட்டும். போதிய திறனுள்ள ஜாக், சட்டகத்தைத் தாங்கும் ஸ்டாண்ட் குறைந்தது 2, சக்கரக் கட்டைகள் 4. சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், கம்பித் தூரிகை, நைலான் குழாய் வெட்டும் கருவி, குழாய் முனைக்கு மூடி. சோப்பு நீர், டேப், பதிவேடு. கண்ணாடி, கையுறை, தலைக்கவசம். இருவர் வேண்டும், ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் ஓட்டுநர் இருக்கைப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரப்பர் முதிர்ந்து வெடித்திருந்தால் அதே அச்சில் உள்ள மற்ற பெல்லோக்களுக்கும் அதே வயதுதான். சேர்த்தே மாற்றுவது நல்லது. கல் குத்தியோ உரசியோ ஒன்று மட்டும் கிழிந்து, மற்றவை நன்றாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

4. மின்சாரத்தைத் துண்டித்தல்

பெல்லோவில் மின்சாரம் இல்லை. ஆனால் பின் அச்சின் அருகே மோட்டாருக்குப் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடலாம். 60 வோல்ட் நேர்மின்னோட்டத்துக்கு மேற்பட்ட சுற்றுகளை உயர் மின்னழுத்தம் என்று கொண்டு, அவற்றின் கேபிள்களுக்கு ஆரஞ்சு உறை போடுவது விதி. பேருந்தில் இது பல நூறு வோல்ட். நழுவிய ஸ்பேனர் அந்த உறையைக் கிழித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. டீசல் வண்டி உயிரோடு இருந்தால் காதே சொல்லிவிடும். மின்பேருந்து 'ரெடி' நிலையில் இருக்கும்போதும் சும்மா நிற்பது போலத்தான் இருக்கும். காற்று குறைந்ததும் கம்ப்ரஸர் தானாக ஓடும். அதனால் வண்டி அமைதியாக இருக்கிறது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வரிசை இது. சார்ஜர் துப்பாக்கி இணைந்திருந்தால் கழற்றுங்கள். கைபிரேக் போட்டு, மற்ற அச்சின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியை அணைத்து, 'ரெடி' விளக்கு அணைந்ததைப் பார்த்து, சாவியை எடுத்து வேலை செய்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்றவர் தயாரிப்பாளர் சொன்ன முறையில் உயர் மின்னழுத்தத் துண்டிப்பானை எடுத்து, பூட்டுப் போட்டு, 'வேலை நடக்கிறது' என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். துண்டித்த உடனே தொடக் கூடாது; மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடிய நேரம் வேண்டும். எத்தனை நிமிடம் என்பது கையேட்டில் இருக்கும். அதன் பிறகு மீட்டர் வைத்து மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். இந்த வேலைக்கு 1,000 வோல்ட் வரை தாங்கும் கிளாஸ் 0 ரப்பர் கையுறை போடுவது வழக்கம். போடும் முன் கையுறையில் காற்றை அடைத்துச் சுருட்டி, ஓட்டை இல்லை என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

24 வோல்ட் பேட்டரியை எப்போது துண்டிப்பது? மின்னணு முறையில் பெல்லோவின் காற்றை இறக்க 24 வோல்ட் தேவைப்படலாம். அப்படியானால் காற்றை இறக்கிய பிறகு அதன் ஐசொலேட்டர் சுவிட்சை அணையுங்கள்.

5. உடலைத் தாங்கி நிறுத்துதல்

இந்த வேலையில் உயிர் போகும் இடம் இதுதான். காற்றின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே யாரும் போகக் கூடாது. ஜாக்கின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழேயும் போகக் கூடாது. பெல்லோவின் காற்று ஒரு நொடியில் போனால் உடல் பம்ப் ஸ்டாப்பில் வந்து விழும். சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையே இருந்த இடைவெளி அந்த நொடியே மூடிவிடும்.

சமதளமான, கெட்டியான தரையில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜாக்கை வெளியிலிருந்து எட்டும்படி, கையேடு காட்டும் சட்டகப் புள்ளியில் வையுங்கள். பேட்டரிப் பெட்டியின் அடியில் ஜாக்கோ ஸ்டாண்டோ எந்தக் காரணத்துக்காகவும் படக் கூடாது. கூரையில் பேட்டரி உள்ள பேருந்தில் எடை மேலே குவிந்திருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் உயரமாகத் தூக்கினால் வண்டி சாயும் வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கத்தையும் சிறிது சிறிதாக, மாற்றி மாற்றித் தூக்குங்கள். ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு இறுகும் உயரத்துக்குப் போகாதீர்கள்.

தேவையான உயரம் வந்ததும் ஸ்டாண்டுகளை வைத்து, ஜாக்கை மெதுவாக இறக்கி, எடை முழுவதும் ஸ்டாண்டில் உட்காரும்படி செய்யுங்கள். வெளியில் நின்று வண்டியைக் கையால் தள்ளி ஆட்டிப் பாருங்கள். அசைவில்லை என்றால் மட்டும் அடுத்த படி.

6. காற்றை இறக்கிக் கழற்றுதல்

லெவலிங் வால்வ் உள்ள வண்டியில் அச்சோடு இணையும் கம்பியைக் கழற்றி, வால்வின் கையைக் காற்று வெளியேறும் பக்கம் திருப்பிப் பிடியுங்கள். கம்பியின் நீளத்தைக் கழற்றும் முன் அளந்து எழுதுங்கள். உயரத்தை நிர்ணயிப்பது அந்த நீளம்தான். மின்னணு முறையில் பரிசோதனைக் கருவியின் வழியே காற்றை இறக்குங்கள். சீறல் நின்ற பிறகு பெல்லோவைக் கையால் அழுத்துங்கள். தளர்ந்து குழிந்தால் காற்று இல்லை. இறுக்கமாக இருந்தால் இணைப்பில் கை வைக்காதீர்கள்.

குழாய் இணைப்பு பெரும்பாலும் அழுத்திப் பூட்டும் வகை. வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்தபடி நைலான் குழாயை நேராக இழுங்கள். முனைக்கு உடனே மூடி போடுங்கள். மண் ஒரு துளி போனாலும் வால்வ் கெடும். ஒன்றுக்கு மேற்பட்ட குழாய் கழன்றால் ஒவ்வொன்றிலும் அடையாளம் போடுங்கள்.

இனி மேல் நட்டுகள், பிறகு கீழ் போல்ட். துருப்பிடித்தவற்றைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் ஊற விடுங்கள். அந்த எண்ணெய் பக்கத்துப் பெல்லோவில் படாமல் துணியால் மூடுங்கள். பெல்லோவை மேலும் கீழும் அழுத்திச் சுருக்கி வெளியே எடுங்கள். இடம் போதாவிட்டால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் உணரி வயரையும் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பழைய பெல்லோவைப் படித்தல்

கழற்றிய பெல்லோவைக் குப்பையில் போடும் முன் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்பது அதன் மேலேயே இருக்கும். பல பணிமனைகளில் விட்டுவிடும் படி இது. இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும் என்றால் இதை வையுங்கள்.

பக்கவாட்டில் ஒரே இடத்தில் வழவழப்பாகத் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறதா? ஏதோ ஒன்று உரசியிருக்கிறது. கிளிப் கழன்ற பிரேக் ஹோஸ், வளைந்த தகடு, பிஸ்டன் இடுக்கில் சிக்கிய கல் ஆகியவற்றைத் தேடுங்கள். பெல்லோ முழுதாக உப்பி நிற்கும்போது சுற்றிலும் சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

மேல் தட்டின் ஓரத்திலோ பிஸ்டன் ஓரத்திலோ ரப்பர் வட்டமாக வெட்டுப்பட்டிருக்கிறதா? காற்று குறைந்த நிலையில் வண்டி நெடுநேரம் ஓடியிருக்கிறது, அல்லது உடல் அடிக்கடி பம்ப் ஸ்டாப்பில் மோதியிருக்கிறது. வால்வையும் காற்று வரத்தையும் சோதியுங்கள். மேல் தட்டு உள்ளிருந்து மேல்நோக்கிக் குவிந்திருந்தால் பம்ப் ஸ்டாப் திரும்பத் திரும்ப அடித்ததன் தடம் அது. ஷாக் அப்சார்பரும் வலுவிழந்திருக்கலாம்.

தட்டிலிருந்து ரப்பர் பிய்ந்து வந்திருக்கிறதா? பெல்லோ அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது. பல வண்டிகளில் அச்சு கீழே இறங்குவதை நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் நீளம்தான். ஷாக் அப்சார்பர் உடைந்தாலோ தவறான நீளத்தில் மாட்டப்பட்டாலோ அந்த இழுப்பு முழுவதும் பெல்லோவுக்கு வரும். நிற்கும் உயரத்தைத் தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தாலும் இப்படி ஆகும்.

ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, நகத்தால் அழுத்தினால் குழி விழுகிறதா? எண்ணெய் பட்டிருக்கிறது. உள்பக்கம் அப்படி இருந்தால் கம்ப்ரஸர் எண்ணெயைக் காற்றோடு தள்ளுகிறது. காற்று டேங்கின் வடிகாலைத் திறந்து என்ன வருகிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் என்றால் கிரீஸ், கழுவப் பயன்படுத்திய டீசல், அச்சின் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைத் தேடுங்கள்.

மேற்பரப்பு முழுவதும் சீராக வெடித்து, வேறு எந்தக் காயமும் இல்லையா? இது வயது. வெயில், ஓசோன், லட்சக்கணக்கான முறை மடிந்து உருண்ட களைப்பு. நியாயமாக உழைத்து ஓய்ந்த பெல்லோ அது.

காரணம் தெரிந்ததும் அதைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் புதிய பெல்லோவை எடுக்க வேண்டும்.

8. புதியதைப் பொருத்துதல்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பாக எண், ஸ்டட்டுகளின் இடைவெளி, காற்று வாய் இருக்கும் பக்கம், பிஸ்டனின் உயரம் நான்கும் பொருந்த வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தும் பிஸ்டன் உயரம் வேறுபடும் பெல்லோக்கள் உண்டு. தயாரித்த தேதியைப் பாருங்கள். கிடங்கில் வெயில் பட்டு ஆண்டுக்கணக்கில் கிடந்தது வேண்டாம்.

சட்டகத்திலும் அச்சிலும் பெல்லோ உட்காரும் இடங்களைத் துருவும் மண்ணும் இல்லாமல் தேயுங்கள். தூக்கலாக ஒரு துருச் செதில் இருந்தாலும் பிளாஸ்டிக் பிஸ்டன் அங்கே விரிசல் விடும். தாங்கும் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெல்லோவைச் சுருக்கி உள்ளே நுழைத்து, எல்லா நட்டுகளையும் போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளவில்லை, மேல் தட்டும் பிஸ்டனும் நேருக்கு நேர் நிற்கின்றன என்று பார்த்த பிறகு, டார்க் ரெஞ்சால் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். காற்று வாயாகவும் பயன்படும் ஸ்டட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் தட்டோடு பிய்ந்து வரும். பெல்லோ மாட்டும் முன்பே வீணாகிவிடும்.

நைலான் குழாயின் முனையில் கீறல் இருந்தால், நீளம் இடம் கொடுத்தால், சில மில்லிமீட்டர் வெட்டி நேராக்குங்கள். வெட்டும் கருவியால் மட்டும் வெட்டுங்கள். பிளேடால் வெட்டிய முனை சாய்வாக இருக்கும், கசியும். இணைப்பில் தடை தட்டும் வரை குழாயை உள்ளே தள்ளி, பின்னால் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது. இந்த வகை இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பிய்ந்த டேப் துணுக்கு காற்றோடு போய் வால்வின் சிறு துளையை அடைக்கும்.

9. காற்று நிரப்பி உயரம் வைத்தல்

வண்டியில் பொருத்தாத பெல்லோவில் ஒருபோதும் காற்று அடிக்காதீர்கள். மேலும் கீழும் பிடிமானம் இல்லாத பெல்லோ வெடித்தால் அதன் தட்டு குண்டு போல் பாயும்.

வண்டி ஸ்டாண்டின் மேலேயே இருக்கட்டும். கழற்றிய கம்பியைப் பழைய நீளத்தில் மாட்டுங்கள். பணிமனையின் உலர்ந்த காற்றை வண்டியின் நிரப்பு வாய் வழியே டேங்குக்குக் கொடுத்தால், லெவலிங் வால்வ் உள்ள வண்டியில் உயர் மின்னழுத்தத்தை இணைக்காமலே பெல்லோவை நிரப்பிவிடலாம். எல்லோரும் வெளியே வந்த பிறகு காற்றைச் சிறிது சிறிதாக விடுங்கள். ரப்பர் உறை பிஸ்டனைச் சுற்றிச் சமமாக மடிந்து உப்புகிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிதுங்கினால் உடனே நிறுத்தி, காற்றை இறக்கிச் சரிசெய்யுங்கள். உப்பாத பெல்லோவின் மேல் வண்டியின் எடையை இறக்கினால் ரப்பர் தட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மாட்டி முதல் நாளே கிழியும்.

பெல்லோ நன்கு உப்பிய பிறகு ஜாக்கால் சற்றே தூக்கி ஸ்டாண்டை எடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறக்குங்கள். இணைப்பிலும் பெல்லோவிலும் சோப்பு நீர் தெளியுங்கள். ஒரு குமிழி வந்தாலும் வேலை முடியவில்லை.

மின்சாரத்தைத் துண்டித்தவரே திரும்ப இணைக்க வேண்டும். காற்று டேங்க் நிரம்பி, வண்டி காலியாக, சமதளத்தில் நிற்கும்போது உயரத்தை அளங்கள். கையேடு சொல்லும் அளவிலிருந்து விலகியிருந்தால் கம்பியின் நீளத்தை மாற்றுங்கள். மின்னணு முறையில் கருவியால் உயரத்தைப் பதிவு செய்யுங்கள். முன் அச்சு என்றால் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, டயரோ ஹோஸோ பெல்லோவைத் தொடவில்லை என்று பாருங்கள். வாசல் பக்கம் தாழ்த்தும் பொத்தானைப் பலமுறை இயக்கிப் பாருங்கள். பிறகு வேகத்தடையும் பள்ளமும் உள்ள சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, போல்ட்டுகளை மறுபடி சரிபாருங்கள். அன்றிரவு நான்கு மூலையும் அளந்து, காலையில் மீண்டும் அளங்கள். இந்தக் காலை அளவு சரியாக இருந்தால்தான் வண்டியைத் தடத்துக்கு அனுப்பலாம்.

10. பதிவேட்டில் எழுத வேண்டியவை

வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், எந்த மூலை, பழைய பெல்லோவின் எண், புதியதன் எண்ணும் தயாரிப்புத் தேதியும், மாற்றும் முன்னும் பின்னும் நிற்கும் உயரம், முறுக்கிய அளவு, வேலை செய்தவர், மின்சாரத்தைத் துண்டித்தவர். இவற்றோடு ஒரு கட்டாய வரி: பழைய பெல்லோ ஏன் கெட்டது.

'கசிவு, மாற்றப்பட்டது' என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. 'பிரேக் ஹோஸ் கிளிப் கழன்று உரசியதால் உள்பக்கம் ஓட்டை. கிளிப் புதிதாகப் போடப்பட்டது' என்று எழுதினால் அதே மாடலில் ஓடும் மற்ற வண்டிகளின் கிளிப்பையும் அன்றே பார்க்கலாம். ஆறு மாதப் பதிவேட்டைச் சேர்த்துப் படித்தால் எந்தத் தடம் ஷாக் அப்சார்பரைக் கொல்கிறது, எந்த வண்டியின் கம்ப்ரஸர் எண்ணெய் தள்ளுகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்போது பெல்லோ கிழிந்த பிறகு ஓடிப்போய் மாற்றும் நிலை குறையும். கிழியும் முன்பே தடுக்கும் பணிமனையாக உங்கள் பணிமனை மாறும். அந்த ஒரு வரியை எழுதாத வரை இந்த வேலையை முடிந்ததாகக் கையெழுத்திடாதீர்கள்.